எதையும் மேலேற்றாத பம்பு

எங்கள் குடியிருப்பின் பம்பு மெக்கானிக்குக் குதிரைசக்தி என்று பட்டப்பெயர். எட்டு மாடிக்குத் தண்ணீர் ஏற்றுவது அவர் தொழில். வீட்டில் ஒரு முழ நீளத்துக்கு உப்புநீர்த் தொட்டி வைத்து, ஒரு மீனும் ஒரு பவளமும் வளர்க்கிறார். நீரோட்டம் இல்லாமல் பவளம் சுருங்கிச் சாகக் கிடந்தது.

மீன்தொட்டிக் கடைக்குப் போய், "இந்தப் பம்பு எத்தனை மாடி ஏத்தும்?" என்று கேட்டார்.

"ஒரு மாடியும் ஏத்தாதுண்ணே. உள்ளேயே தண்ணியச் சுத்தி விடும். உங்களுக்குச் சின்னதே போதும்" என்றார் கடைக்காரர்.

எதையும் ஏற்றாததைப் பம்பு என்று விற்பது அவருக்கு மோசடியாகப் பட்டது. இருப்பதிலேயே பெரியதை வாங்கி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் மணல் எழும்பிப் பவளத்தை மூடியது. மீன் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு விழித்தது.

"எட்டு மாடி ஏத்துறவரு ஒரு முழத் தொட்டியில தோத்துட்டாரு" என்றாள் மனைவி. "ஃபேனை அஞ்சுல வெச்சா போர்வை தேடுற ஆளு நீங்க. இந்த மீன் எங்க போயி தேடும்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். போனவர் சின்னப் பம்போடு திரும்பி, அதன் வாய் கண்ணாடியைப் பார்க்கும்படி வைத்தார். மோதித் திரும்பிய நீரில், மறுநாள் பவளம் விரல் விரலாக விரிந்தது.

நேற்று எட்டாம் மாடிக்காரர், தண்ணீர் ஏறவில்லை என்று கோபமாக வந்தார். குதிரைசக்தி மீன்தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏத்தினாத்தான் பம்பா சார்? இப்படி உட்காருங்க, எப்படி விரிஞ்சிருக்கு பாருங்க."

எட்டாம் மாடிக்காரர் உட்கார்ந்தார்.