தேடியவர்களின் கண்ணில் முதலில் பட்டவர்

செய்தி வந்தபோது நான் சுங்கை பெசாரில் என் மகள் வீட்டில் இருந்தேன். பசியாறிவிட்டுக் கைப்பேசியைத் திறந்தால், விடுதியின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் மாலதி இரண்டு வரி எழுதியிருந்தார்: "அம்மா விடியற்காலை நம்மை விட்டுப் போய்விட்டார். எல்லாரும் வாங்க." எதையும் சரிபார்க்காமல் நம்பிப் பழக்கமில்லாத நான் மாலதியை அழைத்தேன். மறுமுனையில் அழுகை கேட்டது. அதற்குமேல் சரிபார்க்க ஒன்றுமில்லை.

புஷ்பவள்ளி அம்மாவைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவருடைய மகள் மாலதி, "நீங்கதான் மாமா பக்கத்துலேயே இருந்தீங்க, நீங்களே எழுதுங்க" என்று சொன்னதால் எழுதுகிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவர் மறைந்த பிறகு அவர் கோல சிலாங்கூரில் எட்டு அறைகள் கொண்ட ஒரு விடுதியைத் தொடங்கினார். மின்மினிப் பூச்சி பார்க்கவும் மீன் சாப்பிடவும் வருகிறவர்கள் தங்குவதற்கான இடம். தாம் பிறந்த தோட்டப் பிரிவின் நினைவாக அதற்கு 'மூன்றாம் டிவிஷன் விடுதி' என்று பெயர் வைத்தார். இப்படியும் ஒரு பெயரா என்று சிரித்தவர்கள்கூட அதை மறக்கவில்லை. நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். விடுதியின் இணையப் பக்கத்தை எழுதவும், ஆங்கிலத்திலும் மலாயிலும் வரும் விசாரணைகளுக்குப் பதில் போடவும் என்னை அழைத்துக்கொண்டார். கடைசிவரை என்னை "கிராணியாரே" என்றுதான் கூப்பிட்டார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

நன்றாக நடந்துகொண்டிருந்த விடுதிக்கு ஒரு வருடம் திடீரென்று ஆள் வரத்து குறைந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கோலாலம்பூரில் இருந்த ஒரு பயண ஏஜெண்டு, எங்கள் விடுதியின் பெயரை யார் தேடினாலும் தம்முடைய விளம்பரம் மேலே வரும்படி பணம் கட்டியிருந்தார். எங்களைத் தேடியவர்கள் அவரை அழைத்தார்கள். அவர் அவர்களை வேறு விடுதிகளுக்கு அனுப்பிவிட்டார். பிறகு ஒருநாள் நேரிலேயே வந்தார். விடுதியை ஒப்பந்தத்துக்குத் தம்மிடம் விட்டுவிடும்படியும், அம்மா மேற்பார்வைக்கு இருக்கலாம் என்றும் சொன்னார்.

"உங்க பேரைத் தேடினாலும் நான்தானேம்மா முதல்ல வர்றேன்" என்றார், மரியாதையாகவே.

அம்மா அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "என் வீட்டு வாசல்ல நீ நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டா வீடு உன்னுதாயிடுமா தம்பி? டீயைக் குடி. வருஷக் கடைசி பள்ளி விடுமுறை முடியட்டும், பதில் சொல்றேன்லா."

ஏஜெண்டு போன பிறகு அம்மாவின் முகத்தில் அந்தத் தெம்பு இல்லை. அந்த விடுமுறையில் அறைகள் நிரம்பாவிட்டால் விடுதியைக் கொடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

நான் யோசித்து யோசித்து ஒரு முடிவைச் சொன்னேன். ஒன்று நாமும் விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம், அல்லது நம் பக்கங்களை நன்றாக எழுதி அவை தாமாகவே தேடலில் மேலே வரும்வரை காத்திருக்கலாம். இரண்டையும் தாங்க நமக்குச் சக்தியில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தோட்டத்துலதானே இருந்தீங்க கிராணியாரே? எண்ணெய் எடுக்கிற செம்பனைக் கன்னு வச்சா உடனே காய்க்குமா? அது காய்க்கிற வரைக்கும் இடையில வாழை போட்டவங்க இல்லையா? விளம்பரம் வாழை. நீங்க எழுதுறது செம்பனை. ரெண்டையும் ஒண்ணா நடுவோம்."

முதல் விளம்பரம் வெளிவந்த நாளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஏனென்றால் அன்று அதைக் கவிழ்த்தது நீங்கள்தான். நம் தோட்டத்து வழக்கம் அப்படி. ஒருவர் கடை திறந்தால் முதல் நாள் எல்லாரும் போய் நின்று கூட்டம் காட்ட வேண்டும். அம்மா புலனக் குழுவில் பெருமையோடு செய்தி போட்டதும், கெர்லிங்கிலிருந்து புக்கிட் பெருந்துங் வரை அத்தனை சொந்தமும் விடுதியைத் தேடி விளம்பரத்தை அமுக்கியது. நண்பகலுக்குள் அன்றைக்குக் கட்டிய பணம் தீர்ந்து விளம்பரம் மறைந்துவிட்டது. அம்மாவின் அண்ணன் ராமையா கெர்லிங்கிலிருந்து அழைத்தார்.

"தங்கச்சி, காலையில இருந்து அமுக்கிக்கிட்டே இருக்கேன். பேரப்பிள்ளைங்க போன்லயும் அமுக்கச் சொல்லிட்டேன். நீ ஒண்ணும் கவலைப்படாதே!"

"ஐயோ அண்ணே, ஆள் அமுக்க அமுக்க என் காசுல்ல போகுது!"

"அப்போ நான் அமுக்குனது?"

"அதுக்கும்தான்லா!"

"முதல்லயே சொல்லக் கூடாதா? விரலு வேற வலிக்குது."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அம்மா வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு குழுவில் தம் குரலிலேயே பேசிப் போட்டார்: "விளம்பரம் நம்மள தெரியாதவங்களுக்கு. தெரிஞ்சவங்களுக்கு வேற வேலை இருக்கு. நம்ம விடுதியில தங்குனவங்க, பார்த்ததைப் பார்த்தபடி இணையத்துல எழுதுங்க. தங்காதவங்க எழுதக் கூடாது. பொய்யாப் புகழ்ந்தா அடுத்த ஆளு நம்ப மாட்டான்."

ராமையா அதுவரை விடுதியில் தங்கியதில்லை. எழுத வேண்டும் என்பதற்காகவே வந்து ஓர் இரவு தங்கினார். மறுநாள் எழுதினார்: "சாப்பாடு அருமை. என் தங்கச்சி நல்ல பிள்ளை. ஐந்தாம் அறைக் காற்றாடி லோரி மாதிரி சத்தம் போடுகிறது." அதை நீக்கச் சொல்லலாமா என்று பயந்துபோய் அம்மாவிடம் கேட்டேன். "எதுக்கு? அண்ணன் உண்மையைத்தானே எழுதியிருக்காரு. காத்தாடிய மாத்திடுறேன். மாத்தியாச்சுன்னு கீழ பதில் போடுங்க" என்றார். பின்னாளில் வந்த விருந்தினர்கள் பலர், அந்தக் குறையையும் அதற்குக் கீழே இருந்த பதிலையும் படித்த பிறகுதான் நம்பிக்கை வந்தது என்று சொன்னார்கள்.

விளம்பரத்தை அவர் இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தினார். எந்தச் சொற்களைத் தேடி ஒருவர் விளம்பரத்துக்கு வந்தார் என்பது எங்களுக்குத் தெரியவரும். அதைத் தினமும் வாசித்துக் காட்டச் சொல்வார். நடக்க முடியாத அப்பாவைப் படகில் ஏற்ற முடியுமா, எந்த இரவில் மின்மினி அதிகம் தெரியும், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்றெல்லாம் தேடியிருந்தார்கள். "காசு கொடுத்துக் கேள்வியை வாங்கியிருக்கோம். பதிலை நீங்க சும்மா எழுதுங்க" என்பார். நானோ எழுதியதைத் திருப்பித் திருப்பித் திருத்துகிறவன். மின்மினி நன்றாகத் தெரியும் அமாவாசை இருட்டைப் பற்றிய பக்கத்தை அனுப்பத் தயங்கி நாலு நாள் வைத்திருந்தேன். "கிராணியாரே, ஒளிச்சு வச்சா நல்லா எழுதியிருக்கீங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்று அவரே பொத்தானை அழுத்தி வெளியிட்டுவிட்டார். அதிகம் பேரை அழைத்து வந்தது அந்தப் பக்கம்தான்.

விடுமுறை நெருங்கிய ஒரு காலையில் தேடிப் பார்த்தோம். மேலே எங்கள் விளம்பரம். விளம்பரங்களைத் தாண்டி வந்த முதல் வரியும் எங்களுடையதே. ஏஜெண்டு இரண்டுக்கும் நடுவில் இருந்தார். அம்மா திரையைத் தொடாமல் விரலை மட்டும் காட்டி, "பாவம், நெருக்கடியில மாட்டிக்கிட்டாரு" என்றார். அந்த வாரமே எட்டு அறைகளும் விடுமுறை முழுவதற்கும் நிரம்பின. இரண்டு நாள் கழித்து ஏஜெண்டே அழைத்தார். ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசத்தான் என்று நினைத்தேன். அவரோ தம் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு அறை கிடைக்குமா என்று கேட்டார். அவர்கள் எங்கள் விடுதிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்களாம்.

"இப்போ அறை இல்லையே தம்பி. அடுத்த மாசம் தேடிப் பாரு, முதல்ல நான்தான் வருவேன்" என்றார் அம்மா. தொலைபேசியை வைத்ததும் சமையலறைப் பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் தாமதமாக. ஒப்பந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. அதன் பிறகு விடுதி ஒரு விடுமுறைக்கும் காலியாக இருந்ததில்லை. நோய் அவரைப் படுக்கையில் போட்ட மாதங்களிலும் அப்படித்தான்.

காரியம் முடிந்த மறுநாள் விடுதித் தொலைபேசி ஒலித்தது. அந்த ஏஜெண்டுதான். உண்மையான வருத்தத்தோடு பேசினார். பிறகு மெதுவாக, இனி விடுதியை யார் பார்த்துக்கொள்வார்கள், தாம் எடுத்து நடத்தட்டுமா என்று கேட்டார். நான் மாலதியைப் பார்த்தேன். மாலதி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, "நீங்களே சொல்லுங்க மாமா" என்றார். இப்படிப்பட்ட கேள்விகளுக்கு இரண்டு நாள் கழித்து எழுத்தில் பதில் அனுப்புகிறவன் நான். கேட்டவரைக் காக்க வைக்காமல் முன்னால் வந்து பதில் சொல்கிற அந்தத் துணிவைத்தான் புஷ்பவள்ளி அம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். உடனே சொன்னேன்:

"விடுதி நடக்கும் தம்பி. இந்த வாரம் அறை இல்லை. உங்க ஆளுங்களுக்கு எந்தத் தேதி வேணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."