இரண்டாம் தரம், வெங்காய வாடை

பிளம் ஃபோர்க் ஊரில் ஆர்ஃபா டீஸ்டேலின் மூக்கை விரும்பியவர்கள் யாரும் இல்லை. அந்த மூக்கின் சொல்லை மறுத்தவர்களும் அதிகம் இல்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த கிரீம் கொள்முதல் நிலையத்தில் அவள் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை தோறும் சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து கிரீம் கேன்கள் வந்து இறங்கும். ஒவ்வொரு மூடியையும் திறந்து முகர்ந்து, நீளக் கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து, தகர வாளியில் துப்பிவிட்டு, முதல் தரமா இரண்டாம் தரமா என்று அட்டையில் எழுதுவாள். இரண்டாம் தரம் என்றால் காரணமும் எழுதவேண்டும். 'புளிப்பு.' 'மாட்டுக்கொட்டில்.' 'மண்ணெண்ணெய்.' ஒருமுறை, 'பூனை.' அட்டையைக் குறுக்கே கிழித்துப் பாதியை விவசாயியிடம் கொடுத்துவிட்டு, மறுபாதியைச் சுவரில் இருந்த ஆணியில் குத்தி வைப்பாள்.

கெட்டுப்போனதை வாயில் வைத்துப் பார்ப்பதே பிழைப்பாகிப் போனவளுக்கு உலகம் எப்படித் தெரியுமோ அப்படித்தான் ஆர்ஃபாவுக்கும் தெரிந்தது. இளம் வயதில் அவளைப் பெண் கேட்டு வந்த ஒரு விதை வியாபாரியைத் தலைத் தைலத்தின் நாற்றம் தாங்காமல் திருப்பி அனுப்பினாள் என்பார்கள். அவளைக் கேட்டால், "தைலத்துக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது," என்பாள். ஆனாலும் ஞாயிறு தவறாமல் மெத்தடிஸ்ட் தேவாலயத்தில், அவள் மூக்கு ஒப்புக்கொள்ளாத நூறு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து, அவர்களுக்காக மனமாரப் பிரார்த்தனையும் செய்வாள்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபின் ஊருக்குப் புதிதாக ஒரு வாடை வந்தது. அதற்குத் தேசபக்தி என்று பெயர். அதை மொத்தமாகக் கொள்முதல் செய்தவர் வில்லார்ட் விக்வயர். தானியக் கிடங்கின் சொந்தக்காரர். ஊருக்கு வடக்கே மேட்டு நிலத்தில் பண்ணை. பழைய இரும்பு வசூலுக்கு அவர்தான் தலைவர். யுத்தப் பத்திர விற்பனைக்கும் அவர்தான். மார்ச் மாதத் தேவாலய விருந்தில், ஊர்ப் பெண்கள் சர்க்கரைப் பங்கீட்டுச் சீட்டுகளைக் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்துச் செய்த ஆப்பிள் பலகாரத்தில் மூன்றாவது துண்டை மென்றுகொண்டே தியாகத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். ஆர்ஃபா தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

அவருக்கு ரோலண்ட் என்று ஒரு மகன் இருந்தான். யுத்தத்துக்கு முன்பு வரை அவன் எந்த மாட்டின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கறக்கவேண்டும் என்று அறியாதவன். இப்போது அவன் விவசாயி.

அரசாங்கக் கணக்கு இதுதான். பண்ணையில் பதினாறு புள்ளிக்காவது உற்பத்தி இருந்தால் அந்த வீட்டுப் பையன் பட்டாளத்துக்குப் போகவேண்டாம். நாட்டுக்குச் சோறு போடுவதும் யுத்தம்தான். ஒரு கறவைப் பசு ஒரு புள்ளி. கோதுமைக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. விக்வயரிடம் இருந்தவை ஏழு பசுக்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து எண்ணிப் போக ஆள் வருகிறான் என்றால் பிளம் ஃபோர்க்கின் பசுக்கள் தாமாகவே நடந்து போய்ப் பக்கத்து வேலிக்குள் நிற்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. கதிரடிக்கும் எந்திரத்தைக் கடன் கேட்டால் கொடுக்கும் ஊரில், பசுவைக் கேட்டால் இல்லை என்று சொல்வது மரியாதையா?

விக்வயர் கேட்டது ஆன்டன் ஹ்ருஷ்காவிடம். ஓடைக்கரைத் தாழ்நிலத்தில் பண்ணை வைத்திருந்த செக் நாட்டுக் குடியானவர். குதிரை உதைத்ததில் இடுப்பு போய்விட்டது. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். வேலை முழுவதும் ஒரே மகன் லியோவின் தலையில். பதினொரு பசுக்கள், ஐந்து புள்ளிக்குப் பன்றியும் கோழியும். எல்லாம் அவர்களுடையது. புதன்கிழமை ஒன்பது பசுக்கள் மேட்டுக்கு ஏறின. விக்வயர் பண்ணைக்கு வியாழன் முறை, ஹ்ருஷ்காவுக்கு அடுத்த செவ்வாய். ஞாயிறன்று பசுக்கள் திரும்பிவிடும் என்பது பேச்சு.

ஆனால் எண்ண வந்தவன் நல்லவன். பெட்ரோல் பங்கீட்டுக் காலத்தில் இரண்டு முறை வண்டி ஓட்டுவானேன் என்று, வியாழன் அன்றே இரண்டு பண்ணைகளையும் பார்த்துவிட்டான். மேட்டில் பதினாறு. கீழே இரண்டு பசுவும், அவனை நிமிர்ந்து பார்த்த பன்றிகளும்.

அந்தச் சனிக்கிழமை நிலையத்தில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். விக்வயரின் கேன் திறந்ததும் ஆர்ஃபாவின் மூக்கு சுருங்கியது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள், துப்பினாள்.

"காட்டு வெங்காயம். இரண்டாம் தரம்."

"சகோதரி டீஸ்டேல், என்ன சொல்றீங்க?" என்றார் விக்வயர். தேவாலயத்தில் பேசும் அதே குரல். "என் மேட்டு மேய்ச்சல்ல வெங்காயமா? இருபது வருஷமா ஒரு தழை கூட முளைச்சதில்ல. ஒண்ணு காமிங்க, பண்ணையையே எழுதித் தர்றேன்."

"உங்க பண்ணை எனக்கெதுக்கு? மாடு என்ன தின்னுச்சோ அதை நான் எழுதுறேன்."

"உங்க மூக்குக்கு வயசாயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"மூக்குக்கு வயசானா இந்த ஊர்ல எனக்குத்தான் முதல்ல நிம்மதி."

சிரிப்பு எழுந்தது. அவர் முகம் சிவந்து, தம் மேய்ச்சலில் வெங்காயமே இல்லை என்பதை இன்னும் இரண்டு தரம், கடைசியில் நின்றவனுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். வரிசையில் அடுத்து ஹ்ருஷ்காவின் கேன் வந்தது. அந்த வட்டாரத்தில் வசந்த காலத்தில் வெங்காயம் மண்டிக் கிடப்பது ஓடைக்கரையில் மட்டும்தான். ஏப்ரல் முழுக்க அவருக்கு இரண்டாம் தரம்தான், அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். அன்று அவர் கேனில் கால் பங்குகூட இல்லை. ஆர்ஃபா அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். போதும், அவளுக்கு விளங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து லியோவுக்குக் கடிதம் வந்தது. ஏழு புள்ளி; விலக்கு ரத்து. மே மாத வண்டியில் ஒன்பது பேர் போகவேண்டும். ஒன்பதாவது பெயர் லியோ ஹ்ருஷ்கா.

ஆன்டன் நிலையத்துக்கு வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, போன மாசம் எங்க கேன் எல்லாம் எவ்வளவு வந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா?"

"பசு எங்க போச்சுன்னு நீங்களே போய்ச் சொல்லலாமே."

"கேட்டாரு, குடுத்தேன். குடுத்துட்டு எப்படிப் போய்ச் சொல்றது? அப்புறம் என் வாசல்ல யாரு நிப்பா?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "போன யுத்தத்துல எங்க அப்பாவை, அந்நியன்னு சந்தேகப்பட்டு, நடுத்தெருவுல நிக்க வச்சுக் கொடிக்கு முத்தம் குடுக்கச் சொன்னாங்கம்மா. இவரோட அப்பாதான் சொன்னாரு," என்றார்.

"அப்படியும் பசுவைக் குடுத்தீங்க."

"அதனாலதான் குடுத்தேன்."

அவர் போனபின் ஆர்ஃபா ஆணியிலிருந்து அட்டைகளை உருவி, ஏப்ரல் பதினைந்தாம் தேதியின் அரை அட்டையைத் தேடி எடுத்தாள். விக்வயர். இரண்டாம் தரம். காட்டு வெங்காயம். ஊர் முழுக்க அவளுக்குக் கெட்டுப்போன ஒரே கேனாகத் தெரிந்தது.

அவளுடைய லாரி ஓட்டும் மெர்ல் ஓக்ஸ் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தான். இருபத்தொன்பது வயது, மூன்று குழந்தைகள், ஓயாத வாய்.

"முதலாளியம்மா, அந்த அட்டையை என்னமோ பழைய காதல் கடிதாசி மாதிரி பாக்குறீங்களே?"

"விக்வயரோடதுடா."

"ஐயையோ! அப்ப நான் நினைச்சதைவிட மோசம்."

அவள் சொன்னாள். அவன் கேனை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

"லியோ நின்னுட்டா ஒன்பதாவது ஆளு வேணும்ல?"

"ரோலண்ட் போவான். அதானே நியாயம்."

"ரோலண்ட் போனா சரி. போகலைன்னா அடுத்த பேரு யாருன்னு தெரியுமா? பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற போர்டு குமாஸ்தா என் மச்சினிச்சி புருஷன். போன வாரமே காதுல போட்டான்." தன் மார்பைத் தட்டிக் காட்டினான். "பாருங்க, எவ்வளவு பெரிய ஆளு உங்ககிட்ட லாரி ஓட்டறான்."

ஆர்ஃபா அட்டையை மேலங்கிப் பைக்குள் செருகினாள்.

"சொல்லாதீங்கன்னு கேக்கவும் வாய் வரல. சொல்லுங்கன்னும் வரல," என்றான் மெர்ல். எழுந்து கேனைத் தூக்கினான். "என் பொண்டாட்டி ஜூன்கிட்ட மட்டும் இப்ப மூச்சு விடாதீங்க. சாயந்திரம் சோறு கிடைக்காது."

வியாழக்கிழமை வரை அவள் அந்த அட்டையை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். சொன்னால் மெர்ல் போகலாம். சொல்லாவிட்டால் லியோ போவது நிச்சயம். விக்வயர் விழுவார், ரோலண்டின் பெயர் பட்டியலில் ஏறும், அத்தோடு முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய்யைக் கண்டுபிடித்தால் பொய்யன்தான் தண்டனை பெறுவான் என்று ஐம்பத்துநான்கு வயதில் நம்பினாள். கிரீமில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. மனிதர்களிடம் மட்டும் இன்னும் அப்படி ஒரு வெகுளித்தனம் மிச்சம் இருந்தது.

பட்டாளச் சேர்ப்பு வாரியம் இரும்புக் கடை மாடியில் கூடியது. மூன்று பேர்: தலைவர் பல் வைத்தியர் பெல், கீழ்க்கடைக்காரர் கான்ட்ஸ், காது மந்தமான ஓய்வுபெற்ற நீதிபதி. விக்வயரும் வந்திருந்தார், வாரியத்தில் அவர் இல்லை, ஆனால் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. ஆன்டன் கதவோரம் நின்றார்.

ஆர்ஃபா அட்டையை மேசையில் வைத்தாள். ஒன்பது பசுக்களின் கதையைச் சொன்னாள். மேட்டுக்கு ஏறிய புதன்கிழமை சாயங்காலக் கறவையில், அன்று காலை ஓடைக்கரையில் தின்ற வெங்காயம் இருக்கும் என்றாள்.

வைத்தியர் பெல் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர்ஃபா, வெங்காய வாசனையை வச்சு ஒரு பையனைப் பட்டாளத்துக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

"மாட்டை எண்ணி அனுப்பலாம்னா, மாடு தின்னதை வச்சும் அனுப்பலாம். அவர் மேய்ச்சல்ல வெங்காயம் இல்லன்னு நான் சொல்லல. அவரே சொன்னாரு. மூணு தரம்."

"சொன்னாருதான்," என்றார் கான்ட்ஸ், யாரையும் பார்க்காமல். "நானும் வரிசையில நின்னேன்."

"என்ன சொல்றாங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"வெங்காயம்!" என்று வைத்தியர் அவர் காதில் கத்தினார்.

"எனக்கு வேண்டாம், வாயு," என்றார் நீதிபதி.

யாரும் சிரிக்கவில்லை. விக்வயர் பொறுமையாக எழுந்தார்.

"ஆன்டனோட மாட்டை நான் நாலு நாள் பார்த்துக்கிட்டேன். அவருக்கு இடுப்பு சரியில்ல. அக்கம்பக்கத்துல இதுகூடச் செய்யலைன்னா எப்படி? இல்லையா ஆன்டன்?"

ஆன்டன் தொப்பியைச் சுழற்றினார்.

"எண்ண வந்தவர் தப்பா எண்ணியிருந்தா அது என் குத்தமா? அவர் பையனுக்கு விலக்கு திரும்பக் குடுங்க, எனக்கு அதுல சந்தோஷம்தான். என் பண்ணையைப் பத்தின பேச்சுன்னா, நேத்து ஏலத்துல ஒன்பது பசு வாங்கியிருக்கேன். இப்ப போய் எண்ணுங்க. பதினாறு நிக்கும். எல்லாம் என்னோடது."

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். லியோ ஹ்ருஷ்காவின் விலக்கு மீண்டும் அளிக்கப்பட்டது. ரோலண்ட் விக்வயரின் விலக்கு தொடர்ந்தது, இன்றைய நிலவரப்படி. ஒன்பது மட்டும் ஒன்பதாகவே இருந்தது. வைத்தியர் பென்சிலைப் பட்டியலில் ஒரு வரி கீழே இறக்கினார்.

"அப்ப பொய் சொன்னது?" என்றாள் ஆர்ஃபா.

"யாரு பொய் சொன்னா?" என்றார் வைத்தியர், உண்மையிலேயே வியந்து. "இப்ப எல்லாம் நிஜம்தானே?"

படிக்கட்டில் இறங்கும்போது ஆன்டன் பின்னால் காலை இழுத்து இழுத்து வந்து அவள் கையைப் பிடித்தார். இரண்டு கையாலும். அவளுக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது, இழுத்துக்கொள்ளவில்லை.

"லியோவை நல்லா வேலை வாங்குங்க," என்றாள். "அவன் வயல்ல நிக்கிறதுக்கு வேற ஒரு வீட்ல மூணு குழந்தைங்க."

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

மெர்லை மே எட்டாம் தேதி ரயிலில் ஏற்றினார்கள். தண்டவாளத்தை ஒட்டித் தேவாலயப் பெண்கள் காபி கொடுத்தார்கள், பாண்டு வாத்தியம் முழங்கியது. விக்வயர் ஒன்பது பேரின் கையையும் குலுக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பைபிள் கொடுத்தார். மெர்ல் ஆர்ஃபாவைத் தேடி வந்தான்.

"லாரியோட கிளட்ச்சைப் பாத்து மிதிங்க முதலாளியம்மா. பொண்டாட்டி மாதிரி, திடீர்னு மிதிச்சா கத்தும்."

"மெர்ல்..."

"என்ன எழுதணுமோ அதை எழுதுனீங்க," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா எழுதாம இருந்திருந்தா உங்களை இன்னும் கொஞ்சம் புடிச்சிருக்கும்," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஜூன் ஓக்ஸ் குழந்தைகளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, ஆர்ஃபாவைத் தாண்டி ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து தேவாலயத்தில் அந்தப் பெண் அவளுக்கு முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு தரம் கூடத் திரும்பவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை கேன்களை ஆர்ஃபாவே இறக்கினாள். லாரியையும் அவளே ஓட்டவேண்டியிருந்தது. வரிசை வழக்கம்போல நின்றது. அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேன், மூடி, மூக்கு, கரண்டி, வாளி.

விக்வயரின் கேன் வந்தது. முன்னைவிட இரண்டு கேன் அதிகம். பின்னால் அவரே நின்றார், தொப்பியைச் சற்றுத் தூக்கி.

"சகோதரி டீஸ்டேல், இந்தத் தடவை என்ன கண்டுபிடிச்சீங்க?"

அவள் முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். இல்லாத ஒன்றைத் தேடும் ஆசை அவளுக்குள் எழுந்தது. புளிப்பு என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். மேட்டுப் புல், சுத்தமான கேன், ஈரமில்லாத குளிர்ந்த அறை. ஏலத்தில் நல்ல பசுக்களாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். இந்த வருஷம் அவள் வாயில் வைத்ததிலேயே இனிப்பான கிரீம் அதுதான்.

வாளியில் துப்பினாள். கெட்டதைத் துப்புகிறவர்கள் துப்பும் வேகத்தில் துப்பினாள்.

பிறகு அட்டையை எடுத்து 'முதல் தரம்' என்று எழுதி, குறுக்கே கிழித்து, பாதியை அவர் கையில் கொடுத்தாள்.