கிளாஸ் கழுவிக் கிடைத்த வேலை

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு முன்னால் இரண்டே வழிகள் இருந்தன. ஏதாவது ஒரு வேலையைத் தேடிக்கொள்வது, இல்லையென்றால் கிழக்கேகோட்டையில் மாமா நடத்திய மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பாட்டு டோக்கன் கிழிப்பது. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, வங்கித் தேர்வுகளையும் சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுகளையும் ஒன்றுவிடாமல் கோட்டைவிட்டிருந்தேன். மாமா எனக்காக ஒரு நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார். அதற்குப் பயந்தே அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கம்யூனிகேஷன் ஆஃபீசர் தேவை. அப்பா அதை டெலிபோன் இலாகா என்று நினைத்துக்கொண்டு நாங்கள் குடியிருந்த ஸ்ரீவராகம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அம்மாதான் விவரம் கேட்டாள்.

"என்னவாக்கும் அங்கே ஜோலி?"

"ஏழைகளுக்கு அவா செய்யறதைப் பத்தி எழுதணும்."

"செய்யறவா செஞ்சுட்டுப் போறா. அதை எழுதறதுக்கு ஒரு ஆளா?"

அன்றைக்கே விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தேன்.

நேர்முகத்துக்கு இஸ்திரி போட்ட சட்டை, டை, பாலிஷ் போட்ட ஷூ என்று போய் நின்றேன். அங்கே எல்லாரும் கசங்கிய கதர் ஜிப்பாவும் தாடியும் துணிப்பையுமாக இருந்தார்கள். ஷூவை வாசலிலேயே கழற்றச் சொல்லி, தரையில் பாய் விரித்து வட்டமாக உட்காரவைத்தார்கள். நாற்காலி அதிகாரத்தின் சின்னமாம். எனக்கும் அப்போது நாற்காலி என்றால் ஆகாது என்பதால் ஒத்துப்போயிற்று.

தெருக்குழாய் பற்றி ஒரு பக்கம் எழுதி, எல்லார் முன்னாலும் படித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். நான் பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டு ரொப்பியிருந்தேன். குழாயைப் பற்றிக் கடைசி வரியில்தான் வந்தது. எனக்கு அடுத்துப் படித்தவள் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். தண்ணீர் பாதியில் நின்றுபோன பிறகு, முக்கால் குடத்தோடு வீட்டுக்குப் போகலாமா, இன்னும் நிற்கலாமா என்று யோசிக்கும் ஒருத்தியைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாள். கேட்டதுமே வேலை அவளுக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. மாமா வாங்கிப் போட்ட நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது.

பிறகு டீ வந்தது. கண்ணாடி கிளாஸில், ஆவி பறக்க. எங்கள் வீட்டில் எதையும் தூக்கித்தான் குடிப்போம். அந்தச் சூட்டில் தூக்கிக் குடித்தால் தொண்டை வெந்துபோகும் என்பதால் வாய் வைத்தே குடித்துவிட்டேன். வாய் வைத்தாயிற்றா, கிளாஸ் எச்சில். எச்சில் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து எனக்குப் பழக்கமில்லை. எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்தேன். திரும்பி வந்து, கிளாஸ் இருந்த தரையில் ஈரக் கையால் ஒரு தடவை துடைத்தேன். அம்மா பழக்கிய கை, தானாகச் செய்தது.

வட்டம் முழுக்க என்னையே பார்த்தது. டைரக்டர் தாடியைத் தடவிக்கொண்டு மலையாளத்தில், "கண்டோ? இதாணு டிக்னிட்டி ஆஃப் லேபர்" என்றார்.

மறுவாரம் எனக்கு வேலை கிடைத்தது. உழைப்பின் கண்ணியம் ரத்தத்திலேயே ஊறிய இளைஞன் என்று டைரக்டர் என்னை எல்லாரிடமும் அறிமுகப்படுத்தினார். மற்றவர்களுடைய கிளாஸ்களை நான் தொடாமல் விட்டதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. பிறர் பொறுப்பை நான் பிடுங்கிக்கொள்ளவில்லையாம். பிறர் எச்சிலைத் தொட்டால் வீட்டுக்குப் போனதும் அம்மா குளிக்கச் சொல்வாள் என்று நான் எங்கே போய்ச் சொல்ல? அலுவலகத்தில் என் முதல் படைப்பு, கைகழுவும் இடத்துக்கு மேலே ஒட்டிய போஸ்டர். 'நம் கிளாஸை நாமே கழுவுவோம்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளிகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்கு, ஏதோ சின்னக் குழுவின் சார்பில் அந்தப் பாறசாலைப் பெண் வந்திருந்தாள். டீ முடிந்ததும் எல்லாரும் போஸ்டரின் கீழே வரிசையில் நின்றார்கள். அவள் மட்டும் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். எனக்கு உள்ளூர ஒரு குஷி. அவளைவிட நான் எதிலோ உசத்தி என்று அன்றைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கும் நீங்க இப்படித்தான் வெச்சுட்டுப் போனேள். அதனாலதான் இந்த வேலை கைவிட்டுப் போச்சு, தெரியுமோ?" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவள் போஸ்டரை ஒரு தடவை பார்த்தாள்.

"எங்க அப்பா சின்ன வயசுல டீ குடிச்ச கடையில அவருக்குத் தனி கிளாசு. குடிச்சிட்டு அவரே கழுவி, வெளிய கமத்தி வைக்கணும். மத்த ஆளுங்க எச்சிக் கிளாசை வச்சிட்டுப் போவாங்க, கடைக்காரர் கழுவுவாரு. வீட்டுல எத்தன பாத்திரம் வேணும்னாலும் கழுவு, வெளிய குடிச்ச கிளாசை மட்டும் கழுவப்பிடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

போஸ்டரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"இந்த வேலை கிடைக்கலன்னு நான் ரெண்டு நாள் அழுதேன். எழுதினது சரியில்ல போலன்னு நெனச்சேன். கிளாசு கழுவாததுக்குத்தானா? அப்ப சாரமில்ல, போகட்டும். அப்பாட்ட சொல்லணும், சந்தோசப்படுவாரு."

அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவுக்குத் தனி கிளாஸ் வைத்ததும் எனக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்ததும் ஒரே எச்சில்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. மேஜையில் அவள் குடித்த கிளாஸ் இருந்தது. இதையாவது கழுவி வைப்போம் என்று எடுக்கப் போனேன். என் விரல்கள் அவள் வாய் வைத்த விளிம்பை விட்டு விலகி, கிளாஸின் அடியைத் தேடிப் பிடித்தன.