நர்சரியில் ஓர் அந்நிய ஆண்

பத்தாங் பெர்ஜுந்தாயில் நாங்கள் வசிக்கும் தாமான் குடியிருப்பின் மூலை வீடுதான் என் மகள் போகும் நர்சரி. நான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்கெழுதும் கிராணி. மனைவிக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு வேறு இடமில்லை.

அந்த வருடம் நர்சரியில் ஆட்கள் நிலைக்கவில்லை. பழைய ஆசிரியைகளில் ஒருவர் பிரசவ விடுப்பில் போனார். இன்னொருவர் வேலையை விட்டே போய்விட்டார். பிறகு தற்காலிக ஆட்களும், கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் பெண்களும் மாறி மாறி வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே ஊதா நிற டீ-சட்டை.

"இன்னிக்கி உன்னை யாரும்மா பாத்துக்கிட்டா?" என்று மகளிடம் கேட்பேன்.

"டீச்சர்."

"எந்த டீச்சர்?"

"ஊதா டீச்சர்."

அதற்கு மேல் தகவல் கிடைக்காது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் இதே பேச்சுதான். கடைசியில் மனைவி சொன்னாள். "நீங்க லீவு போட்டுட்டு நேருல போங்க. யாரு என்னன்னு தெரியாத ஆளுங்க கையில பிள்ளைய எப்படி விடுறதுன்னு கேளுங்க."

கேட்கத்தான் போனேன். காலையில் மனைவியே மகளை விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். பத்து மணிக்குமேல் நான் போய் மணியடித்தபோது, பத்தொன்பது வயதிருக்கும் ஒரு பெண் கேட்டைத் திறந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று.

"வந்துட்டீங்களா அண்ணே" என்றாள். அழாத குறைதான்.

நான் வருவதாக முன்தினமே நர்சரி நடத்தும் அம்மாவுக்குத் தகவல் அனுப்பியிருந்தேன். அவர் இவளிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். "மேடம் எங்க?"

"புஞ்சாக் ஆலாம் வரைக்கும் போயிருக்காங்க. நான் இன்னிக்கித்தான் பிராக்டிகலுக்கு வந்தேன். உள்ள வாங்க லா, கஞ்சி ஆறுது."

என் மகள் "அப்பா" என்று ஓடிவந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பிள்ளைகள் "அப்பா" என்று ஓடிவந்தார்கள். வருகிற ஆண்களையெல்லாம் பிள்ளைகள் இப்படித்தான் கூப்பிடும் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண்ணுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. நான்கு பிள்ளைகளை என் முன்னால் உட்கார வைத்து, கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள்.

எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. பெற்றோர் புகார் சொல்வதால், உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள் போலும் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். சற்று நேரத்தில் என் சட்டை முழுவதும் கஞ்சி. அவள் அலமாரியிலிருந்து ஓர் ஊதா டீ-சட்டை எடுத்துத் தந்தாள். பிள்ளைகளுக்குச் சளி என்று முகக்கவசமும் தந்தாள். போட்டுக்கொண்டேன். ஒரு பையனுக்குக் கால் கழுவிவிட்டேன். வெளியே கொடியில் சின்னத் துண்டுகளைக் காயப்போட்டேன்.

உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் மனைவி அழைத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"நர்சரியிலதான்."

"அங்க யாரோ ஒரு ஆம்பள இருக்கானாம். ரோட்டுல போனவங்க பாத்துட்டு குரூப்புல போட்டிருக்காங்க. நீங்க பாத்தீங்களா?"

நான் சுற்றிலும் பார்த்தேன். "இல்லையே. இங்க யாரையும் காணோம்."

"ஒளிஞ்சிருப்பான். பிள்ளைங்கள ஒரு ரூம்புல போட்டுப் பூட்டுங்க."

பயிற்சிப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் பிள்ளைகளையெல்லாம் தூங்கும் அறைக்குள் தள்ளித் தானும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குளியலறை, அடுப்படி, படிக்கட்டின் அடி என்று ஒவ்வோர் இடமாகத் தேடினேன். தேடத் தேட, அவன் மிகவும் கெட்டிக்காரன் என்ற எண்ணம்தான் பலப்பட்டது.

வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. மூன்று தகப்பன்மார். ஒருவர் கையில் பேட்மிண்டன் மட்டை. நான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன்.

"நல்ல வேளை வந்தீங்க. உள்ளதான் எங்கயோ இருக்கான்" என்றேன்.

அவர்கள் நகரவில்லை. மட்டைக்காரர் தன் கைப்பேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணே, கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

திரும்பினேன்.

"இது நீங்கதான் லா" என்றார்.

படத்தைக் காட்டினார். கொடியில் துண்டு போடும் ஊதா முதுகு. உச்சந்தலையில் நான் இதுவரை நேரில் பார்த்திராத வழுக்கை. அதன் கீழே முதல் ஆளாக என் மனைவி எழுதியிருந்தாள்: "பார்த்தாலே தெரியுது, நல்லவன் இல்ல."

அந்த நேரம் நர்சரி அம்மாவின் கார் வந்து நின்றது. புஞ்சாக் ஆலாமில் ஏற்றிவர வேண்டிய தற்காலிக ஆள் வரவேயில்லை, வெறும் காரோடு திரும்பியிருந்தார். அறையிலிருந்து வெளியே வந்த பயிற்சிப் பெண் அவரைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"ஒரு ஆளு வருவாங்கன்னு சொன்னீங்க மேடம். இவரு வந்தாரு."

"நான் ஆளுதான். அந்த ஆளு இல்ல" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பெயர்கூடக் கேட்காமல் நான்கு பிள்ளைகளை என்னிடம் கொடுத்திருக்கிறாள். நான் கேட்க வந்த கேள்வி இதுதான். அதற்குப் பதிலாக நானே ஊதாச் சட்டையில் நின்றுகொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டிருந்த தகப்பன்மாரும் அதை யோசித்திருக்க வேண்டும், ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளைப் பார்க்க உள்ளே போனார்கள்.

சாயங்காலம் பெற்றோர் கூடினார்கள். அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவதாக நர்சரி அம்மா சொன்னார். ரவாங்கிலிருந்து நேராக வந்திருந்த என் மனைவி எழுந்தாள். நல்லவன் இல்லை என்று எழுதியதைப் பற்றி அவள் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

"அதுவே சின்னப் பிள்ள. முத நாளு. அதத் தனியா விட்டுட்டுப் போனது யாரு?" என்று கேட்டாள்.

இனிப் பயிற்சிக்கு வருபவர்களைத் தனியே விடுவதில்லை, புதிதாக யார் வந்தாலும் பெற்றோருக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்துவது என்று முடிவானது. பயிற்சிப் பெண் இருந்துகொண்டாள்.

அடுத்த வாரம் வேறொரு தற்காலிக ஆசிரியை வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுக்காரர், கண்டிப்பானவர். நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தார்கள். மாலையில் மகளை அழைத்துவர நான் போனபோது கேட்டைத் திறக்காமலே நின்றார். மகளைக் கூப்பிட்டு, "இவரு யாரு, சொல்லு" என்றார்.

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டீச்சர்" என்றாள்.

மனைவி ரவாங்கிலிருந்து வந்து சேரும்வரை நான் வெளியேதான் நின்றேன்.