கொடும்பாவி போட்டிருந்த சட்டை

சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்தில் 'பொன்னுத்தங்கம் பட்டாசு கம்பெனி'யை நிறுவிய ரத்தினசாமி அவர்களுக்கு இரண்டு தடவை கொள்ளி வைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு ஒரு தடவைதான் வைப்பார்கள். தொழிலதிபர்களுக்கு எதுவும் கொஞ்சம் கூடுதலாகத்தான் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கம்பெனி ஐம்பத்தொன்றில் தொடங்கியது. இரண்டு கொட்டகை, எட்டு ஆட்கள், ஒரு காயப்போடும் களம். பெயர் மூத்த மகளுடையது. ரத்தினசாமி நல்ல குடும்பஸ்தர் என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. காலையில் கம்பெனிக்குக் கிளம்புமுன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தன் கையாலேயே சடை பின்னிவிடுவார். திரி முறுக்கிப் பழகிய விரல்கள். சடையும் பற்றவைக்கத் தயாராக நிற்கிற திரியைப் போலவே இருக்கும்.

அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி மழை. மேகம் கறுத்தால் ஊரெல்லாம் கையெடுத்துக் கும்பிடும். அவர் செருப்பைத் தேடுவார், களத்துக்கு ஓட. ஆனால் விதி அவரைக் காரியாபட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டு வீட்டில் பெண்ணெடுக்க வைத்திருந்தது. மனைவி சுப்புலட்சுமியின் தம்பி முனியசாமி அங்கே சோளமும் பருத்தியும் போடுகிறவன். அந்த நிலத்துக்குக் கிணறு கிடையாது, வானம்தான். ஆகவே ஒரே வீட்டில் புருசன் வெயிலுக்கும் பெண்டாட்டி மழைக்கும் விளக்கேற்றினார்கள்.

ஐம்பத்தாறில் ரத்தினசாமி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்: தீபாவளி லோடு போகிறவரை ஒரு சொட்டு விழாதிருந்தால் வெண்கல மணி. மழைக்கென்றே இருக்கிற தெய்வத்திடம் போய் மழை வேண்டாம் என்று கேட்கும் துணிச்சல் எல்லாருக்கும் வராது. விழவில்லை. மணி கட்டினார். மறு வருசமும் நேர்ந்துகொண்டார்.

ஆடிக்குப் பிறந்த வீடு போன சுப்புலட்சுமி, "ஒங்க அத்தான் மணி கட்டியே மழைய நிப்பாட்டுறாக" என்று தம்பியிடம் சொல்லிவைத்தாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ரெண்டு வருசமாக விதைக்காத ஊருக்குச் சிரிப்பு வரவில்லை.

புரட்டாசியில் தீபாவளிச் சீராக ஒரு பெட்டி வெடியைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு மச்சினன் ஊருக்குப் போனார் ரத்தினசாமி. தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. கொடும்பாவி இழுத்துக்கொண்டிருந்தார்கள். மழை பொய்த்தால், அதைத் தடுத்த மகாபாவி இவன்தான் என்று வைக்கோலில் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து எரிப்பது வழக்கம். சின்ன வயசில் அவரே கயிறு பிடித்து இழுத்தவர்தான். பாவிக்கு முகம் கிடையாது. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் அந்தச் சடங்கின் நாகரிகம்.

இந்தப் பாவிக்குச் சட்டை இருந்தது. காக்கிச் சட்டை. பையில் பொறி பட்டு ஓட்டை, ஓட்டையில் நீல நூல் தையல். போன தீபாவளிக்கு ரத்தினசாமி மச்சினனுக்குக் கொடுத்த பழைய சட்டை. தையல் சுப்புலட்சுமி போட்டது.

"ஏங்க, திரும்பிருவம்."

"இரு. எனக்கு எத்தன பேரு அழுறாகன்னு பாத்துட்டுப் போவம்."

ஒப்பாரியை முன்னால் நின்று எடுத்துக்கொடுத்த குருவம்மாள் அவரைப் பார்த்து ஒரு கணம் நிறுத்தினாள். "வாங்க சிவகாசிக்காரரே. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீக. இன்னும் எரிக்கல" என்றாள். பாதியில் நிறுத்தினால் குறையாகிவிடும் என்று மறுபடி மாரில் அடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

கொள்ளிச்சட்டி முனியசாமியின் கையில் இருந்தது.

"மாப்ள, அது எஞ் சட்டதான?"

"ஒங்க சட்டதான் அத்தான்."

"தெரியாம எடுத்துட்டாகளோ?"

"இல்ல. நாந்தான் குடுத்தேன்." முனியசாமி தரையைப் பார்த்தான். "மாட்டையும் வித்தாச்சு. ஒங்க மேல கோவமெல்லாம் இல்ல. மழ வரணும், அம்புட்டுதான்."

"கோவமில்லாமத்தான் கொள்ளி வைக்கியாக்கும்?"

"வேணும்னா கழட்டித் தரச் சொல்லுதேன்."

"குடுத்தத திருப்பி வாங்குற பழக்கம் எங்க வீட்ல இல்ல" என்றார் ரத்தினசாமி. தன் பிணம் எரிந்து முடிகிறவரை மரியாதையாகத் தள்ளி நின்றுவிட்டு, வெடிப் பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் பஸ் ஏறினார்.

அன்று ராத்திரி அவர் வீடு சேருமுன் மழை கொட்டியது. காரியாபட்டியில் இல்லை, விஸ்வநத்தத்தில். ஓட முதலாளி இல்லாத களத்தில் அந்த சீசனின் லோடு முழுக்கக் கூழாகிக் கிடந்தது. பாவியை ஓரிடத்தில் எரித்தால் அவன் விலாசத்துக்குத்தான் மழை போகும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை.

"இனிமே அந்த ஊரு வாசல மிதிக்கப்படாது" என்றார் மனைவியிடம். எட்டு வருசம் அவள் மிதிக்கவில்லை. பொன்னுத்தங்கத்தின் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் சும்மா கிடந்தது. சுப்புலட்சுமி அவர் சட்டைகளில் அதற்குப் பிறகு ஊசி வைக்கவில்லை. பொறி பட்ட ஓட்டைகளோடேயே அவர் கடைவீதியில் நடந்தார். என்ன எளிமை என்று ஊர் வியந்தது. மாரியம்மனுக்கு இரண்டாவது மணி கட்டவே இல்லை.

அறுபத்தைந்து புரட்டாசியில் வெடிமருந்துத் தூசி நெஞ்சை அடைத்துப் படுத்துவிட்டார். மூச்சுக்கு நடுவே மனைவியைக் கூப்பிட்டார்.

"நாம் போனா முனியசாமிக்கு ஆளனுப்பு. கொள்ளி அவந்தான் வைக்கணும்."

"எட்டு வருசமா ஆகாதவன், இப்ப எதுக்கு?"

"கோவமில்லாம வைக்கத் தெரிஞ்ச ஆளு அவன் ஒருத்தந்தான்."

மறுநாள் விடியற்காலம் போய்ச்சேர்ந்தார். அன்றைக்கு வானம் பாரபட்சம் பார்க்கவில்லை. விஸ்வநத்தத்திலும் பெய்தது, காரியாபட்டியிலும் பெய்தது. ஆட்களில் பாதிப்பேர் சாவு வீட்டுக்கு ஓடினார்கள், பாதிப்பேர் களத்துக்கு ஓடினார்கள். எது அவருக்குச் செய்கிற மரியாதை என்று முடிவாகவில்லை. காரியாபட்டிக்குப் போன ஆள் தனியாகத் திரும்பிவந்தான். பொழுது சாய்கிறவரை காத்திருந்துவிட்டு, மூத்த மருமகன் காளிராஜ் கொள்ளி வைத்தான். ஈர விறகு. ஆயுள் முழுவதும் தீ பற்றுகிற சரக்கு செய்த மனிதர் பற்றுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் முனியசாமி வந்தான். முழங்கால்வரை கரிசல் சேறு காய்ந்து வெடித்திருந்தது. சுவரோரம் உட்கார்ந்தான். சுப்புலட்சுமி அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெதச்சிட்டியா?"

"வெதச்சிட்டேன்க்கா. ஆளு வந்து சொன்னப்ப ஏர்ல நின்னேன். இரவல் மாடு, சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும். கொள்ளிய யாராச்சும் வச்சிருவாக. வெதைய யாரு போடுவா?"

"அவரு மேல கோவமாடா?"

"கோவமெல்லாம் இல்லக்கா."

"அவுகளும் அதத்தான் சொன்னாக" என்றாள் சுப்புலட்சுமி. கால் கழுவத் தண்ணீர் எடுக்க எழுந்துபோனாள்.

வெளியே நல்ல வெயில். களத்தில் ஆட்கள் நனைந்துபோன வெடிகளை வரிசையாகப் பரப்பிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒன்றுகூட வெடிக்காது என்று தெரிந்தே.