பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு ரீஸ்லிங்

தேயிலைத் தோட்டத்தில் பெண் பார்க்கப் போனால் என்ன கொடுப்பார்கள்?

டீ. அதுவும் அருமையான டீ. கொடுத்தார்கள், குடித்தோம். அதற்கப்புறம் ஒயின் வந்தது பாருங்கள்… அந்தக் கதைதான் இந்த வாரம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெண் பார்க்கப் போனது எனக்கில்லை. இந்தப் பத்தியை என் மனைவியும் படிக்கிறாள். என் அண்ணன் மகன் லோகனுக்கு. பையனுக்குக் கோலாலம்பூரில் கணினி வேலை. பெண் தர்ஷினிக்கும் அங்கேதான், ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. இருவரும் பேசிப் பழகி முடிவெடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் போய் ‘பார்க்க’ வேண்டியதுதான் பாக்கி. பெண்ணின் அப்பா அம்மா கேமரன் மலையில், கியா பார்ம் என்ற ஊரைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் மூன்று பேர். லோகன், அவன் அம்மா – அதாவது என் அண்ணி – அப்புறம் நான். அண்ணன் இல்லை. அவர் போன கதையை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். சம்சு.

தோட்டங்களில் வளர்ந்த நம் குடும்பங்களுக்கு அந்த மலிவுச் சாராயத்தைப் பற்றி நான் விளக்க வேண்டுமா என்ன? குடித்தார், அடித்தார், அழுதார், ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அண்ணி ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனை எடுத்து நடத்தி, லோகனைப் படிக்க வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் மது என்ற சொல்கூட நுழைந்ததில்லை. தீபாவளிக்கு வரும் உறவுக்காரர்கள் பீர் டின்னைக் காரிலேயே ஒளித்து வைத்துவிட்டுத்தான் வாசல் ஏறுவார்கள். அண்ணி அப்படி.

ஒரு சனிக்கிழமை ஈப்போவிலிருந்து கிளம்பினோம். மலைப்பாதையில், கோலா தெர்லா பக்கம், முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று எங்களை முன்னால் விடாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அண்ணி கேட்டார்.

“டேய், ஹோட்டல் லைன்னு சொன்னியே… அந்தப் புள்ள என்ன வேலைடா பார்க்குது?”

“சாப்பாட்டு சைடும்மா,” என்றான் லோகன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன். அண்ணி பார்க்கவில்லை.

தோட்டத்து வீடு சின்னது, சுத்தமானது. பெண்ணின் அப்பா முனியாண்டி, கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்று வரவேற்றார். அவர் மனைவி சமையலறையில் நாட்டுக்கோழிப் பிரட்டலோடு போராடிக்கொண்டிருந்தார். மிளகாய் வாடை வாசல் வரை வந்து எங்களைத் தும்ம வைத்தது.

டீயைக் கொண்டுவந்தது தர்ஷினி. குனிந்த தலை, நடுங்கும் தட்டு எல்லாம் கிடையாது. நேராக நடந்து வந்தது, டீயைக் கொடுத்தது, எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தது.

அண்ணிக்கு அது பிடித்திருந்தது. முகத்தில் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டுவிட்டார்.

“ஹோட்டல்ல உனக்கு என்ன வேலைம்மா?”

லோகன் ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகளை எண்ண ஆரம்பித்தான்.

“ஒயின் பார்த்துக்கிற வேலை அத்தை. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் சரியா வரும்னு சொல்லணும், வாங்கி வைக்கணும், ஊத்திக் கொடுக்கணும். அதுக்குத் தனியா படிச்சிருக்கேன்.”

முனியாண்டி இருமினார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

அண்ணி டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எங்க வீட்டுக்காரரு எப்படிப் போனாருன்னு இவன் சொன்னானா?”

“சொன்னாரு அத்தை. என் வேலையப் பத்திக் கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா உங்ககிட்ட சொல்லிக்கலாம்னாரு. அப்படின்னா எனக்குக் கல்யாணமே வேணாம்னுட்டேன். நீங்க தெரிஞ்சுக்கிட்டு வேணாம்னு சொன்னா, அது வேற.”

எனக்கு வியர்த்தது. கேமரன் மலையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில்! எழுந்து போய்விடலாமா? போனால் எந்த முகத்தோடு போவது? முனியாண்டி என்னைப் பார்த்தார். ‘சார், நீங்கதான் பேச்சாளர், ஏதாவது பேசுங்களேன்’ என்று அந்தப் பார்வை கெஞ்சியது. பத்தி எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு தொல்லை. எழுதத் தெரிந்தால் பேசவும் தெரியும் என்று ஊர் நம்புகிறது.

பேசியது அண்ணி.

“வீட்டுல இருக்கா?”

“எது அத்தை?”

“அந்த ஒயின்தான். எடுத்துட்டு வா. என்னன்னு நான் பார்க்கணும்.”

பெண் எழுந்து உள்ளே போனது. அம்மாவின் பிரட்டலோடு சாப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்த பாட்டில் ஒன்று குளிர்பெட்டியில் இருந்தது. எடுத்து வந்தது. பச்சை நிறம், ஒல்லியான நீளக் கழுத்து. தக்கை கிடையாது, திருகு மூடி. சோடா பாட்டிலைத் திறப்பதைப் போலத் திறந்து, ஒரு கிளாஸில் இரண்டு விரல் அளவுக்கு ஊற்றி என்னிடம் நீட்டியது. இந்தச் சபையில் குடிக்கக்கூடிய ஆள் நான்தான் என்று அதற்கு எப்படித் தெரிந்ததோ!

மோந்து பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“மண்ணெண்ணெய் வாடை அடிக்குதே!”

அண்ணி என்னை முறைத்தார். முனியாண்டி மகளை முறைத்தார். தர்ஷினியோ விழுந்து விழுந்து சிரித்தது.

“சரியாத்தான் சொல்றீங்க மாமா. இது கொஞ்ச வருஷம் பாட்டில்ல இருந்தது. ரீஸ்லிங்னு ஒரு வெள்ளைத் திராட்சை. வயசாக ஆக அந்த வாடை லேசா வரும். அது குறை இல்ல. குடிச்சுப் பாருங்க.”

குடித்தேன்.

இப்போது கொஞ்சம் ஒயின் பேச்சு பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாக்கு நுனியில் முதலில் ஒரு இனிப்பு. தேன் மாதிரி, ஆனால் தேனின் கனம் இல்லை. ‘சரி, இது சர்பத்’ என்று நான் முடிவு கட்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு புளிப்பு பாய்ந்து வந்தது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள்… கன்னத்தின் உட்புறம் சிலிர்த்தது. விழுங்கியபின் வாயில் பிசுபிசுப்பே இல்லை. ‘அசாம் போய்’ என்கிற உப்புப் பிளம் வற்றல் போட்ட லைம் ஜூஸ் குடித்தபின் வாய் எப்படிக் கழுவிவிட்டதைப் போல இருக்கும்? அப்படி. அந்த மண்ணெண்ணெய் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஒயின்காரர்கள் பேச்சில் ‘ட்ரை’ என்றால் இனிப்பில்லாதது. இது ‘ஆஃப்-ட்ரை’. லேசாக இனிப்பு மிச்சம் வைத்தது. திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதான் போதை வருகிறது. அது முழுவதையும் தின்று தீர்ப்பதற்கு முன்னால் குளிரவைத்து நிறுத்திவிட்டால், கொஞ்சம் சர்க்கரை தங்கும். போதையும் குறைவாகவே ஏறும். குளிர்ந்த மலைச்சரிவுகளில் மெதுவாகப் பழுக்கிற திராட்சை என்பதால் புளிப்புக்கும் பஞ்சமில்லை. இதெல்லாம் அந்தப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டது.

இனிப்பான ஒயினைக் கேட்டால் இளக்காரமாகப் பார்க்கிற மனிதர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். கல்யாண விருந்துகளில் நாக்கை உலர்த்தும் சிவப்பு ஒயினை விலையைச் சொல்லிச் சொல்லிக் குடிப்பார்கள். முகம் வேப்பெண்ணெய் குடித்ததைப் போல இருக்கும். ஏன் இந்தத் தண்டனை? நம் ஊரில் மதுவைப் பற்றி இரண்டே பேச்சுதான் உண்டு. ஒன்று ஒழுக்கம், இன்னொன்று பெருமை. ருசியைப் பற்றி யாராவது வாய் திறக்கிறார்களா?

அடித்துச் சொல்கிறேன். நம் காரத்துக்கு ஈடுகொடுக்கிற ஒயின் இதுதான். அன்று தர்ஷினி ஒரு துண்டு கோழிப் பிரட்டலைத் தட்டில் வைத்துக் கொடுத்து, “இதோட ஒரு வாய் குடிங்க மாமா,” என்றது. மிளகாய் நாக்கைச் சுட்ட இடத்தில் அந்த லேசான இனிப்பு போய் உட்கார்ந்தது. காரம் அடங்கியதே தவிர கோழியின் ருசி அடங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொண்டை எரியுதா தம்பி?”

“இல்லண்ணி. எரியவே இல்ல.”

“எரியலையா? அப்புறம் எதுக்குக் குடிக்கிறாங்க?”

யாரும் சிரிக்கவில்லை. அண்ணிக்குத் தெரிந்த ஒரே மது அந்தச் சம்சுதான். எரிவதற்காகவே குடிப்பது, எரித்துவிட்டுப் போவது.

“சாப்பாட்டுக்குத்தான் அத்தை,” என்றது தர்ஷினி. “நாக்குக்கு. ஆனா எல்லாரும் அதுக்காகத்தான் வர்றாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“உன்கிட்ட குடிச்சிட்டு வீட்டுக்குப் போய் பொண்டாட்டிய அடிக்கிறவன் இருப்பானா?”

“இருப்பாங்க அத்தை.”

முனியாண்டி தலையில் கைவைத்துக்கொண்டார். ‘இல்லை’ என்று ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நானும் நினைத்தேன்.

பெண் தொடர்ந்தது. “ஒருத்தர் அடிக்கடி வருவாரு. நல்லா செலவு பண்ற ஆளு. ஒரு தடவை சம்சாரத்தோட வந்தாரு. குடிக்கக் குடிக்கக் குரல் ஏறிக்கிட்டே போச்சு. அந்தம்மா சாப்பிடவே இல்ல, மேசையில இருந்த கார் சாவியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இன்னொரு பாட்டில் கேட்டாரு. கொடுக்க மாட்டேன்னுட்டேன். கத்தினாரு. மேனேஜர் வந்து என்னைத் திட்டினாரு, கஸ்டமர்கிட்ட அப்படிப் பேசலாமான்னு. அப்பவும் கொடுக்கல. அந்த வாரம் பூரா என்னை ஸ்டோருக்கு மாத்திட்டாங்க, பாட்டில் அடுக்க.”

“அடுத்த தடவை வந்தா?”

“அப்பவும் கொடுக்க மாட்டேன் அத்தை.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது அடிக்கிற அடியில், அண்ணி பேசியபோது முதலில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

“எங்க வீட்டுக்காரருக்கு அப்படிச் சொல்ல ஒரு கடைக்காரன் இல்லாமப் போயிட்டாம்மா.”

லோகன் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவன் கண் நிறைந்திருந்தது. அப்பாவுக்காக அவன் அழுது நான் பார்த்ததே இல்லை, அடக்கம் செய்த அன்றுகூட. அண்ணி அவன் தலையில் கைவைத்தார். மற்றொரு கையால் என் கிளாஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மோந்தார்.

குடிக்கவில்லை. குடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கிளாஸைத் திரும்ப என் முன்னால் வைத்தார்.

“எங்க வீட்டுக்குள்ள பாட்டில் வரக் கூடாது.”

“வராது அத்தை. ஆனா வேலைய நான் விட மாட்டேன்.”

“விடச் சொன்னேனா நான்?” அண்ணியின் குரலில் பழைய அதட்டல் வந்துவிட்டது. “உங்கம்மா காலையிலேருந்து அடுப்படியில நிக்கிறாங்க, சோறு ஆறுது. இலையப் போடுலா.”

‘இலையைப் போடு’ என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணின் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சமையலறையிலிருந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். முனியாண்டி என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார், நான்தான் ஏதோ பேசி முடித்ததைப் போல. நான் பேசியதெல்லாம் மண்ணெண்ணெய் பற்றித்தான்.

சாப்பிட்டோம். பிரட்டல், ரசம், முட்டைக்கோஸ் பொரியல். என் கிளாஸ் காலியானதும் தர்ஷினியைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றியது. அது காலியானதும் மறுபடி பார்த்தேன். இந்த முறை தண்ணீர்ச் சொம்பு வந்தது. “மலை இறங்கணும்ல மாமா. லோகன் களைச்சிட்டா நீங்கதானே காரை எடுக்கணும்,” என்றது, மிகுந்த மரியாதையோடு.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. விருந்தில் மது இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குக் கவலையாகவே இருந்தது. ஊர் வாய். ஒயின் ஊற்றுகிற பெண்ணை மருமகளாக்கிக்கொண்டதை நாலு பேர் நாலு விதமாகப் பேசமாட்டார்களா? அதுவும் அண்ணியைப் பற்றி?

போன வெள்ளிக்கிழமை கோவிலில் பதில் கிடைத்தது. பூ கட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், குரலில் சர்க்கரையைத் தடவிக்கொண்டு அண்ணியிடம் கேட்டார், “ஏங்க்கா, உங்க மருமக என்னமோ குடிக்கிற கடையில வேலையாமே?”

அண்ணி பூவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“ஆமா. ஒயின் ஊத்துறா. யாருக்கு ஊத்தக் கூடாதுன்னும் அவளுக்குத் தெரியும்.”