ஒரு முழம் தங்கூசி

மலேசியாவில் எங்கள் சுங்கை பட்டாணி பாசாரில் மீனை உயிரோடு விற்கிறார்கள். பாசார் என்றால் இங்கே சந்தை. தகரத் தொட்டியில் அரையடித் தண்ணீர், அதற்குள் கறுத்து வழவழவென்று விரால்கள். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்கிறார்கள். வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் குழம்புக்காக வாங்குவதில்லை. "ஆப்பரேஷன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீன்காரர் எந்த அளவு மீன் என்று புரிந்துகொண்டு தொட்டிக்குள் கையை விடுகிறார். அறுத்த காயம் ஆறுவதற்கு இந்த நாட்டில் விரால் சூப்தான் மருந்து. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் இதில் ஒரே நம்பிக்கை. நம் தமிழ்நாட்டுக் கரையிலோ காலில் முள் குத்திப் புண்ணானாலே மீனைக் கண்ணில் காட்டமாட்டார்கள். கரப்பான் என்பார்கள், சீழ் வைக்கும் என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுப்பதோடு நம் மீன் வைத்தியம் முடிந்தது. இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தொட்டியின் முன்னால் நின்றால் நேற்று வந்து இறங்கியவன் போலத்தான் இருக்கிறது.

நானும் மாதம் ஒரு விரால் வாங்குகிறேன். கரையில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நம் ஊரில் மீனை விலைக்கு வாங்கும் வீடு என்றால் கடலுக்குப் போக ஆள் இல்லாத வீடு என்று அர்த்தம். அப்பா காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூட என் அம்மா கருவாட்டைச் சுட்டுச் சமாளித்தாளே தவிர, மீன் ஏலம் போடும் இடத்தில் போய் நின்றதில்லை. அந்த வீம்பைத்தான் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். வந்து சேர்ந்ததோ சுங்கை லாலாங் பக்கம், கடலின் வாடையே வராத ரப்பர் தோட்டம். லாரி டிரைவர் வேலை. காலையில் பால்மர வாசனை, மாலையில் ரப்பர் தகடு உலர்த்தும் புகைக்கூடத்து வாசனை. கல்யாணம் ஆன பிறகு மீன் வேன் வரும்போது என் மனைவி லூர்து போய் வாங்குவாள். நான் அந்த நேரம் பார்த்து லாரிக்கு அடியில் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பேன். அவள் வாங்கினால் அது என் கணக்கில் வராது என்று எனக்கு நானே ஒரு சமாதானம்.

லூர்து இந்த மண்ணில் பிறந்தவள். செர்டாங் பக்கத்துத் தோட்டம். அவளுக்கு மீன் என்றால் மீன், அவ்வளவுதான். என் வீம்பைப் பார்த்து அவள் சிரிப்பாள். கடலையே பார்க்காத தோட்டத்தில் கடல்ராஜா ஒருவர் குடியிருக்கிறார் என்று பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, சிநேகிதி யா அக்காவிடம் சொல்லி இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் லூர்துக்கு வயிற்றில் கட்டி என்று அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். ஒரு திங்கட்கிழமை ஆப்பரேஷன். நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். வெள்ளைப் படுக்கை, கையில் ஊசி, உதடு வெடித்துக் கிடந்தாள். எனக்கு அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. யா அக்கா ஹாருவான் சூப் கொடுக்கச் சொல்லி இருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. நானே பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"பாசார்லயே விக்கிதுலா. வாங்கிக்கலாம். நீங்க பக்கத்துல ஒக்காருங்க."

எனக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவளுடைய தங்கை பிலோமினா அலோர் ஸ்டாரிலேயே தையல் வேலை பார்த்து வந்தாள். அவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். கடற்கரைக்காரன் பெண்டாட்டிக்கு, அதுவும் மருந்துக்கு, காசு கொடுத்து மீன் வாங்குவதா? வழியெல்லாம் இதே நினைப்பு.

என்னிடம் ஒரு நல்ல தூண்டில் இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கம்பு, நூல் சுற்றும் உருளை, கூடவே இரைக்குப் பதிலாகக் கட்டும் ஒரு மரமீன். நடுவில் இரண்டு இடத்தில் கொக்கி மாட்டி இணைத்திருந்ததால் இழுக்க இழுக்க உடம்பை வளைத்து நிஜ மீன் மாதிரியே நீந்தும். உருளையில் இருந்த நூல்தான் இற்றுப் போயிருந்தது. சுங்கை பட்டாணியில் சீனர் கடையில் நூல் கேட்டேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று பல இழைகளைச் சடை மாதிரிப் பின்னிய வெள்ளை நூல். மெல்லியது, ஆனால் இழுத்தால் நீளாது. மற்றது நரம்பு போன்ற நைலான். நம் கரையில் தங்கூசி என்போமே, அதேதான். நான் இரண்டிலும் தடித்ததைக் கேட்டேன், முனையில் கட்ட இரும்புக் கம்பியும் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, கடலுக்கா போகிறாய் என்று மலாயில் கேட்டார். ஹாருவானுக்கு என்று சொல்லாமல், கடல்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவரும் கடலுக்கு வேண்டியதையே கட்டிக் கொடுத்துவிட்டார்.

சீலா மீனுக்கு அப்பா கம்பி கட்டித்தான் தூண்டில் போடுவார். கடித்தால் நூல் அறுந்துவிடும். அந்தப் பாடம் ஒன்றுதான் என் தலையில் இருந்தது. புதன்கிழமை, புகைக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் குளத்தில் தடித்த தங்கூசியும் கம்பியுமாக மரமீனை வீசினேன். கம்பியின் கனத்தில் அது மூக்கைக் கீழே குத்திக்கொண்டு கட்டை மாதிரி வந்தது. தெளிந்த தண்ணீர். விரால் ஒன்று பின்னாலேயே வந்து, கம்பியின் பளபளப்பைப் பார்த்ததோ என்னவோ, திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பக்கம் வந்த கங்காணி, தவளையைக் கோத்துப் போட்டால் அரைமணியில் அடிக்குமே என்றார். எனக்குத் தவளையைத் தொட அருவருப்பு. அதைவிட, எனக்கு ஒருவர் மீன் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதா என்ற எரிச்சல்.

வியாழக்கிழமை கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்னல் நூலையே நேராக மரமீனின் மூக்கில் கட்டினேன். இப்போது அழகாக நீந்தியது. மதியத்துக்கு மேல் ஒன்று அடித்தது. கம்பு வளைந்த வேகத்தில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். மீன் ஓடிப்போய் மூழ்கிக் கிடந்த மரக்கட்டையைச் சுற்றியது. பின்னல் நூலுக்கு இழுவை தாங்கும், உரசல் தாங்காது. பட்டென்று அறுந்து தளர்ந்தது. நல்லவேளை, மரமீன் வாயிலிருந்து கழன்று மிதந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தேன்.

அன்று மாலை முழுவதும் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தேன். நீளத்துக்குப் பின்னல் நூல் இருக்கட்டும். முனையில் ஒரு முழத்துக்கு மட்டும் தங்கூசி. தண்ணீரில் தெரியாது, உரசல் தாங்கும், மரமீனின் ஆட்டத்தையும் கெடுக்காது. மலாய்க்காரர்கள் இதைப் பெராம்புட் என்கிறார்கள், சாதாரணமாக எல்லோரும் கட்டுவதுதான் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அன்று நானே கண்டுபிடித்த பெருமை. சிக்கல் முடிச்சில் வந்தது. இரண்டும் வேறு வேறு ஜாதி நூல், சாதாரண முடிச்சில் பின்னல் நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அப்பா வலைக்கயிற்றில் நூல் சேர்க்கிற முடிச்சைப் போட்டு, சுற்றை இரட்டிப்பாக்கி, எச்சில் தொட்டு இறுக்கினேன். பிடித்துக்கொண்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். ஆஸ்பத்திரி எனக்குப் பயம். அந்த வாசனையும், நர்ஸ்கள் வேகமாகப் பேசும் மலாயும், லூர்தின் வெடித்த உதடும் பயம். குளத்தங்கரையில் என் கைக்கு என்ன செய்வதென்று தெரிந்தது. அவளுக்காகத்தான் நிற்கிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடிந்தது. இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழங்கை நீள விரால் ஏறியது. யா அக்கா வீட்டுக்கு ஓடினேன். இஞ்சியும் பூண்டும் மிளகும் போட்டு, எண்ணெய் இல்லாமல் சூப் வைத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். லூர்துக்கு வியாழக்கிழமையே காய்ச்சல் கண்டிருக்கிறது. தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் செய்து சொல்லலாம் என்று பிலோமினா கிளம்பியபோது, வேண்டாம், அவர் பயந்துவிடுவார் என்று லூர்து தடுத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் திறந்தாள். பேச்சு சரியாக வரவில்லை.

"நீங்க புடிச்சதா?"

"நாந்தான்."

இரண்டு கரண்டி குடித்தாள். மூன்றாவது கரண்டி கடைவாயில் வழிந்தது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஆனால் அவளுக்கு நினைவு இல்லை. திங்கட்கிழமை காலை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் பூசைக்கு வந்த பிலோமினா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் இருந்த பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்காவின் ஜெபமாலை, சீப்பு, காலி பிளாஸ்க் ஒன்று. அது யாருடையது என்று கேட்டேன்.

"நான் தெனம் பாசார்ல ஹாருவான் வாங்கி சூப் வச்சி இதுலதான் கொண்டு போனேன் மாமா. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுனு அக்கா சத்தியம் வாங்கிட்டா. மாமா ஆசயா புடிச்சிட்டு வருவாரு, அவரு மொகம் வாடிரும்னு சொன்னா."

பிறகு, ஒவ்வொரு பஸ் வரும் நேரத்துக்கும் அக்கா வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்றும் சொன்னாள். சொல்லியிருக்கவேண்டாம்.

மருந்து அவளுக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவளுக்குப் பேச்சு இருந்த மூன்று நாளையும் நான் நூல் தேர்ந்தெடுப்பதில் செலவழித்தேன். அந்தக் கம்பையும் மரமீனையும் கங்காணியிடம் கொடுத்துவிட்டேன். மாதம் ஒரு விரால் பாசாரில் வாங்கி, கேட்ட விலையைக் கொடுத்து, யா அக்கா வீட்டில் இறக்கிவிட்டு வருகிறேன். அவள் ஏன் என்று கேட்டதில்லை.

ஊரிலிருந்து அண்ணன் கடிதம் போடும்போதெல்லாம், ஒற்றை ஆள் அங்கே என்ன செய்கிறாய், வந்துவிடு என்று எழுதுவான். லூர்தின் கல்லறை தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால், ரப்பர் நிழலில் இருக்கிறது. அதை வைத்துவிட்டு எப்படி வர? போன வருஷம் ஒரு மாதம் மட்டும் போய் வந்தேன். இறங்கிய மறுநாள் காலை கரையில் அண்ணனின் வள்ளம் வந்தது. நல்ல பாடு, வள்ளம் நிறைய மீன். ஒரு பெரிய சீலாவைத் தூக்கி என் கையில் கொடுத்தான். நான் எதையும் யோசிக்கவில்லை. இடது கையில் மீனை வாங்கிக்கொண்டேன், வலது கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போய்விட்டது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"யாருக்குல காசு எடுக்க? எனக்கா?"

அவன் முகம் வாடிப்போனது. நான் இந்த வீட்டு ஆள் இல்லை என்று நானே எல்லோர் முன்னாலும் சொன்னதுபோல் ஆகிவிட்டது. லூர்தைப் பற்றி, அந்த மூன்று நாளைப் பற்றி, அந்த மணலில் நின்று அவனிடம் எங்கிருந்து தொடங்குவது? மீனை ஒரு கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். மறு கையில் இருந்தது அந்தக் கரையில் செல்லாத மலேசிய வெள்ளி நோட்டு.